பிறக்கும்போதே திருடன் உண்டா?

"திருடன் மகன் திருடன்தான்" என்று சொல்கிறார்கள். அது உண்மையா? குற்றம் ரத்தத்தில் ஓடுமா? டாக்டர்கள் கண்டுபிடித்தது என்ன? நம் நாட்டில் ஒரு சட்டம் செய்த கொடுமை என்ன? இதோ விவரம்:

மறைமலை நகரில் ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு அறைகள். ஒவ்வொரு அறையிலும் நாலைந்து பேர். எல்லோரும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் மதுரைக்காரர். ஒருவர் விழுப்புரத்துக்காரர். இன்னொருவர் ஒடிசா. மற்றொருவர் பீகார்.

ஒரு நாள் காலையில், ஒருவருடைய செல்போன் காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

"யார் எடுத்திருப்பார்கள்?"

உடனே எல்லோருடைய கண்ணும் ஒரு பக்கம் திரும்பும். மொழி தெரியாதவர் மீது திரும்பும். கிழிந்த சட்டைக்காரர் மீது திரும்பும். தெருவில் பழைய இரும்பு பொறுக்க வந்தவர் மீது திரும்பும்.

"அவன் முழியே சரி இல்லை" என்பார் ஒருவர்.

"அவன் சாதியே அப்படித்தான்" என்பார் இன்னொருவர்.

எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. சாட்சி இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லி ஆகிவிட்டது!

முகத்தைப் பார்த்தால் திருடன் தெரியுமா? சாதியைக் கேட்டால் தெரியுமா? இதை நாம் மட்டும் கேட்கவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய டாக்டரே இதைக் கேட்டார். "தெரியும்" என்று பதிலும் சொன்னார்!

மண்டை ஓட்டை அளந்த டாக்டர்

இத்தாலி நாட்டில் லோம்புரோசோ என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் ஜெயிலுக்குப் போவார். கைதிகளின் தலையை அளப்பார். காதை அளப்பார். தாடையை அளப்பார்.

ஒரு நாள், இறந்துபோன ஒரு கைதியின் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சில விலங்குகளின் மண்டை ஓட்டில் இருப்பது போன்ற பள்ளம்.

அவ்வளவுதான்! குற்றவாளி நம்மைப் போன்ற மனிதன் அல்ல என்று டாக்டர் முடிவு கட்டினார். மனிதன் நாகரிகம் அடைவதற்கு முன்பு இருந்த காட்டு நிலைக்குத் திரும்பிப் பிறந்தவன் என்றார். 1876-ம் ஆண்டு இதைப் புத்தகமாக எழுதினார். பெரிய தாடை, நீண்ட கை, துருத்திய காது, பச்சை குத்திய உடம்பு - இவை எல்லாம் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் என்றார். ஐரோப்பா முழுவதும் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேச்சு.

ஆனால் அவர் ஒன்றைச் செய்யத் தவறிவிட்டார். குற்றம் செய்யாதவர்களின் தலையையும் அதே கவனத்தோடு அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

அதை இங்கிலாந்தில் கோரிங் என்ற ஜெயில் டாக்டர் செய்தார். அவர் 3 ஆயிரம் கைதிகளைக் கணக்கெடுத்தார். மாணவர்களையும் ராணுவ வீரர்களையும் அளந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார். 1913-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. கைதிக்கு என்று தனி முகம் இல்லை. தனிக் காது இல்லை. தனி மண்டையும் இல்லை!

லோம்புரோசோ அதற்கு முன்பே, 1909-ம் ஆண்டு இறந்துவிட்டார். அவருடைய விருப்பப்படி அவர் உடலையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஊரார் மண்டை ஓட்டை எல்லாம் சேர்த்துவைத்த டாக்டரின் எலும்புக்கூடு, இத்தாலியில் துரின் நகர மியூசியத்தில் இருக்கிறது.

இங்கே வந்த சட்டம்

டாக்டர் மண்டை ஓட்டை அளந்துகொண்டு இருந்த அதே காலத்தில், இந்தியாவில் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1871-ம் ஆண்டில் வந்த அந்தச் சட்டத்தின் பெயர், குற்றப் பரம்பரைச் சட்டம்.

அதிகாரிகள் சொன்ன வாதம் என்ன தெரியுமா? "இந்தியாவில் தச்சன் மகன் தச்சு வேலை செய்கிறான். நெசவாளி மகன் நெய்கிறான். அதுபோல, திருடுவதையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கின்றன" என்பதுதான் அந்த வாதம்.

முதலில் அந்தச் சட்டம் வட இந்தியாவில் நடந்தது. 1911-ம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஒரு சாதியின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதிவிட்டால் போதும். அந்தச் சாதியில் பிறந்தவர் எதையும் திருடி இருக்க வேண்டியது இல்லை. போலீசில் பெயரைப் பதிய வேண்டும். பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும். ராத்திரியில் போலீசார் கூப்பிட்டால் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் குற்றம்!

ஜனங்கள் இதை "ரேகைச் சட்டம்" என்றார்கள்.

இதைவிடக் கொடிய ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து, தனிப் பள்ளியில் வைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. தாயோடு இருந்தால் பிள்ளையும் திருடக் கற்றுக்கொள்ளும் என்றார்கள். அந்த அதிகாரம் எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெருங்காமநல்லூர்

1914-ம் ஆண்டு மதுரைப் பக்கம் கீழக்குடிக் கள்ளர்கள் மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. பிறகு பிறமலைக் கள்ளர் எல்லோர் மீதும் பாய்ந்தது.

உசிலம்பட்டிக்கு அருகே உள்ளது பெருங்காமநல்லூர். "நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள். கைரேகை வைக்க மாட்டோம்" என்று அந்த ஊரார் மறுத்தார்கள்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி போலீசார் துப்பாக்கியோடு ஊருக்குள் வந்தார்கள். ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். போலீசார் சுட்டார்கள். 16 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண்.

மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்ற பாரிஸ்டர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர். அவர் இந்த ஜனங்களுக்காக வழக்காடினார். ஜனங்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அன்போடு அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் வேறு பல தலைவர்களும் ஊர் ஊராகப் போய்ச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். 1947-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி நாடு முழுவதும் ஒழிந்தது.

பட்டியலில் இருந்து விடுபட்ட சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம். தமிழ்நாட்டில் அப்படி 68 சமூகங்கள் உள்ளன. இந்தச் சமூகங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வாத்தியார் ஆனார்கள். டாக்டர் ஆனார்கள். போலீஸ் அதிகாரியும் ஆனார்கள். ரத்தம் மாறவில்லை. பள்ளிக்கூடக் கதவு திறந்தது. அவ்வளவுதான்!

உப்பு விற்றவர்கள்

"ஆனால் சிலர் திருடியது உண்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

குறவர்களில் ஒரு பிரிவினரின் கதையைப் பாருங்கள். அவர்கள் மாட்டின் மீது உப்பு மூட்டை ஏற்றி, ஊர் ஊராகப் போய் விற்றவர்கள். கடற்கரையில் உப்பு வாங்குவார்கள். உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றுவார்கள். பல தலைமுறைகளாக அதுதான் அவர்கள் பிழைப்பு.

ரெயில் வந்தது. மூட்டை ரெயிலில் போயிற்று. உப்பு முழுவதும் அரசாங்கத்தின் கையில் போயிற்று. மாட்டுக்காரருக்கு வேலை இல்லை. ஊர் சுற்றிய குடும்பம் பட்டினி கிடந்தது. அந்த நிலையில் சிலர் திருடி இருக்கலாம். அதைப் பார்த்து அரசாங்கம், "பிழைப்பு போனதால் திருடினான்" என்று எழுதவில்லை. "பிறப்பால் திருடன்" என்று எழுதியது!

செங்கல்பட்டுப் பள்ளிக்கூடம்

இப்போது மறைமலை நகருக்குத் திரும்பி வருவோம். அங்கே ரெயில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், அடுத்தது செங்கல்பட்டு.

அந்தச் செங்கல்பட்டில் 1887-ம் ஆண்டே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. குற்றம் செய்த சிறுவனைப் பெரிய கைதிகளோடு ஜெயிலில் போடாமல், படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம்.

பிறகு சென்னை மாகாணத்தில் சிறுவர் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அதுதான். எந்த ஆண்டு தெரியுமா? 1920! பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டு!

ஒரே அரசாங்கம். ஒரு கையில், "இவன் பிறவித் திருடன், திருந்த மாட்டான்" என்ற சட்டம். மறு கையில், "சிறுவன் திருந்துவான்" என்ற சட்டம். இரண்டில் எது சரி? இன்றைய விஞ்ஞானம் சொல்வதைக் கேளுங்கள்.

மூளையில் கட்டி

உடம்புக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

1966-ம் ஆண்டு அமெரிக்காவில் விட்மன் என்ற வாலிபன் தாயையும் மனைவியையும் கொன்றான். பிறகு ஒரு பல்கலைக்கழகக் கோபுரத்தின் மீது ஏறி, கீழே போனவர்களைச் சுட்டான். பலர் செத்தார்கள். கடைசியில் போலீசார் அவனைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவன் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். தன் மனதில் என்னென்னவோ நினைப்புகள் வருவதாகவும், இறந்த பிறகு தன் மூளையை அறுத்துப் பார்க்கவேண்டும் என்றும் அதில் எழுதி இருந்தான். அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு கட்டி இருந்தது!

கட்டிதான் கொலை செய்ய வைத்ததா? நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்கள். அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூளையில் கட்டி வந்த எத்தனையோ பேர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்வது இல்லையே!

கோபத்தை அடக்கும் வேலையையும், பின்விளைவை யோசிக்கும் வேலையையும் மூளையின் முன்பக்கம் செய்கிறது. அங்கே அடிபட்டால் சிலருடைய குணம் மாறுகிறது. அந்தப் பகுதி முழுமையாக வளர்வதற்கு 20 வயதுக்கு மேலும் ஆகிறது. 15 வயதுப் பையன் யோசிக்காமல் குதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈயம் என்ற உலோகமும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். படிப்பு மந்தம் ஆகும். பொறுமை குறையும். அதனால்தான் பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000-ம் ஆண்டில் நிறுத்தியது. பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் இடத்துக்கு அருகில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

விதையும் மண்ணும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். தாய் தகப்பனிடம் இருந்து பிள்ளைக்கு முகம் வருகிறது, நிறம் வருகிறது. இவற்றைக் கொண்டுவருவது ஜீன். குற்றத்துக்கும் ஒரு ஜீன் உண்டா?

நியூசிலாந்து நாட்டில் டுனீடின் என்று ஒரு நகரம். அங்கே 1972, 1973-ம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, அவர்கள் பெரியவர்கள் ஆகும் வரை டாக்டர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். யார் அடிபட்டு வளர்ந்தான், யார் அன்பாக வளர்ந்தான், யார் பின்னால் வம்பு வழக்கில் சிக்கினான் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள்.

2002-ம் ஆண்டு ஒரு முடிவு வெளிவந்தது. மூளையில் ஊறும் சில ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீன், ஆண்பிள்ளைகள் சிலரிடம் குறைவாக வேலை செய்கிறது. அப்படிப்பட்ட பையன் சின்ன வயதில் கொடுமையும் அனுபவித்தால், பெரியவன் ஆனதும் முரடன் ஆவது அதிகமாக இருந்தது.

அதே ஜீன் உள்ள பையன் கொடுமை இல்லாமல் வளர்ந்தால்? மற்றவர்களைப் போலவே இருந்தான்!

பின்னர் வேறு டாக்டர்களும் இதை ஆராய்ந்தார்கள். எல்லா ஆராய்ச்சியிலும் ஒரே முடிவு வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. "இது இருந்தால் இவன் திருடன்" என்று சொல்லும் ஜீன் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உழவருக்கு இது புதிது அல்ல. விதை மட்டும் பயிர் ஆவது இல்லை. மண் வேண்டும். தண்ணீர் வேண்டும். விதையை நாம் மாற்ற முடியாது. மண் நம் கையில் இருக்கிறது.

தாயைப் பிரிந்த பிள்ளைகள்

அந்த மண்தான் வீடு. இதை மனோதத்துவ டாக்டர்கள் ஆராய்ந்தார்கள்.

லண்டனில் பௌல்பி என்ற டாக்டரிடம், திருடிய சிறுவர் சிறுமியர் 44 பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கதையையும் அவர் பொறுமையாகக் கேட்டார். மனக்குறை இருந்தும் திருடாத வேறு 44 பிள்ளைகளின் கதையையும் கேட்டார். 1944-ம் ஆண்டு அதை வெளியிட்டார்.

திருடிய 44 பேரில் 17 பேர், ஐந்து வயதுக்குள் தாயை விட்டு நீண்ட காலம் பிரிந்து இருந்தவர்கள். திருடாத 44 பேரில் அப்படிப் பிரிந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்!

பிள்ளைக்கு வேண்டியது, மாறாத அன்போடு பக்கத்தில் இருக்கும் ஒரு ஆள். பெற்ற தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பது இல்லை. பாட்டியாக இருக்கலாம். அத்தையாக இருக்கலாம். தகப்பனாக இருக்கலாம்.

முன்பு சொன்ன சட்டத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். திருட்டை ஒழிப்பதற்காகப் பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரிக்கலாம் என்றது அந்தச் சட்டம். நோய்க்கு மருந்து என்று நினைத்து, நோயையே ஊட்டும் வேலை அது!

பொம்மையை அடித்த பிள்ளைகள்

அமெரிக்காவில் பந்துரா என்ற மனோதத்துவ நிபுணர் 1961-ம் ஆண்டு ஒரு சோதனை செய்தார். 72 சிறு பிள்ளைகள். ஒரு காற்று அடைத்த பெரிய பொம்மை.

ஒரு பகுதிப் பிள்ளைகளின் கண் எதிரே ஒரு பெரியவர் அந்தப் பொம்மையைக் குத்தினார். சுத்தியலால் அடித்தார். வைதார். இன்னொரு பகுதிப் பிள்ளைகளின் எதிரே ஒரு பெரியவர் அமைதியாக விளையாடினார்.

பிறகு பிள்ளைகளைத் தனியே விட்டார்கள். அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், அதே மாதிரி குத்தின. அதே வசவைச் சொல்லின! "அடி" என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தன. செய்தன.

குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் தகப்பன், வீட்டில் பாடம் நடத்துகிறான். அவன் பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்கிறது.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தகப்பன் இரவு ஷிப்டு, தாய் பகல் ஷிப்டு என்று போகும் குடும்பங்கள் உண்டு. வேலைக்குப் போவது தவறு அல்ல. ஆனால் யாராவது ஒருவர் பிள்ளையோடு தினமும் உட்கார்ந்து பேசவேண்டும். ஒரு வேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடவேண்டும்.

பிள்ளை பென்சில் திருடிக்கொண்டு வந்தால், "திருட்டுப் பயலே" என்று பட்டம் கட்டாதீர்கள். "இது யாருடையது? வா, போய்க் கொடுத்துவிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். செய்தது தப்பு என்று சொல்லலாம். நீயே தப்பு என்று சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் பிள்ளை, அடிபடும் பிள்ளை, தனியாகத் திரியும் பிள்ளை தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மனக் கஷ்டத்துக்கு 14416 என்ற எண் இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

18 வயதுக்கு உட்பட்டவர் குற்றம் செய்தால், ஜெயிலுக்கு அனுப்பாமல் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது. 16 வயதுக்கு மேல் மிகக் கொடிய குற்றம் செய்தால் மட்டும் வேறு விதமாக விசாரிக்க 2015-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

காரணத்தைச் சொல்வதால் குற்றம் நியாயம் ஆகிவிடாது. பறிகொடுத்தவரின் கண்ணீர் உண்மையானது. தண்டனையும் வேண்டியதுதான். ஆனால் செய்தவனுக்குத்தான் தண்டனை. அவன் சாதிக்கு அல்ல!

இன்னும் போகாத பழி

சட்டம் ஒழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழி ஒழிந்ததா?

1993-ம் ஆண்டு விருத்தாசலம் பக்கத்தில் நகை திருட்டுப் போனது. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியைப் போலீசார் பிடித்துப் போனார்கள். அவர் உயிரோடு திரும்பி வரவில்லை. அவர் மனைவி ஐகோர்ட்டு வரை போய்ப் போராடினார். பின்னர், குற்றம் செய்த போலீசாருக்கே ஜெயில் தண்டனை கிடைத்தது. "ஜெய் பீம்" என்ற சினிமாப் படம் இந்த வழக்கை வைத்து வந்ததுதான்.

2018-ம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்னொரு கொடுமை நடந்தது. குலதெய்வக் கோவிலைத் தேடிக் காரில் வந்த ஒரு வயதான அம்மாள், வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவள்" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கூடியது. அடித்தே கொன்றுவிட்டது!

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பிறவிக் கொலைகாரர்களா? இல்லை. காலையில் எழுந்து, காபி குடித்து, வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். வதந்தியும் கோபமும் கூட்டமும் சேர்ந்தபோது கொலைகாரர்கள் ஆனார்கள்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போல நடத்தும் ஜெயில் விதிகள் செல்லாது. ஜெயில் பதிவேட்டில் கைதியின் சாதியை எழுதும் பத்தியையே எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது.

பதிவேட்டில் இருந்து எடுத்துவிடலாம். நம் மனதில் இருந்து யார் எடுப்பது? நாம்தான் எடுக்கவேண்டும்.

லைன் வீட்டில் செல்போன் காணாமல் போனால் என்ன செய்வது? முதலில் படுக்கையை உதறிப் பாருங்கள். அந்த எண்ணுக்குப் போன் அடித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். யாரையாவது எடுக்கக் கண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். காணாவிட்டால் யார் பெயரையும் சொல்லாதீர்கள்.

போன செல்போனுக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம். ஒருவர் மீது சுமத்திய திருட்டுப் பட்டத்தை எந்தக் கடையில் கொண்டுபோய் மாற்றுவது?